கருத்தடைக்கு எந்த முறை நல்லது?

கணவனும் மனைவியும் கலந்து பேச வேண்டிய விஷயம்

உலகத்திலேயே முதன்முதலாக ஓர் அரசாங்கம் கருத்தடை ஆலோசனை நிலையங்களைத் திறந்தது லண்டனில் அல்ல, நியூயார்க்கிலும் அல்ல. மைசூர் சமஸ்தானத்தில்தான் என்று கூறப்படுகிறது. 1930-ம் ஆண்டு ஜூன் மாதம் 11-ந் தேதி அதற்கான உத்தரவு பிறந்தது. பெங்களூரிலும் மைசூரிலும் அரசு ஆஸ்பத்திரிகளில் இந்த நிலையங்கள் ஏற்பட்டன. அப்போது மகாராஜாவாக இருந்தவர் நாலாம் கிருஷ்ணராஜ உடையார். திவானாக இருந்தவர் சர் மிர்சா இஸ்மாயில். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் கருத்தடை பற்றிய துண்டுப் பிரசுரத்தைத் தபாலில் அனுப்புவதே சட்டப்படி குற்றமாக இருந்தது.

அந்த உத்தரவு வந்து தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. வகை வகையான சாதனங்கள் வந்துவிட்டன. அரசு ஆஸ்பத்திரியில் அவை இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் “நமக்கு எது ஏற்றது?” என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசுவது மட்டும் இன்னும் அபூர்வமாகவே இருக்கிறது.

பெங்களூரில் உள்ள தமிழ்க் குடும்பங்களில் வழக்கமாக நடப்பது என்ன? மனைவி பிரசவத்துக்காக ஏழாம் மாதத்தில் தாய்வீட்டுக்குப் போகிறாள். தர்மபுரியோ, வேலூரோ, திருவண்ணாமலையோ, ஏதோ ஓர் ஊர். இரண்டாவது குழந்தை பிறக்கிறது. பிரசவ வார்டில் நர்ஸ் கேட்கிறார். “இத்தோடு போதும், ஆபரேஷன் பண்ணிவிடுங்கள்” என்று தாயாரோ மாமியாரோ சொல்லிவிடுகிறார். ஸ்ரீராம்புரத்திலோ அல்சூரிலோ இருக்கும் கணவனுக்கு டெலிபோனில் தகவல் வருகிறது. பெண்ணுக்கு வயது இருபத்து மூன்றோ இருபத்து நான்கோதான் இருக்கும். வேறு முறைகள் உண்டு என்றோ, கணவனும் செய்துகொள்ளக் கூடிய ஆபரேஷன் ஒன்று உண்டு என்றோ அவளிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நாடு முழுவதும் 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு இதை எடுத்துக் காட்டுகிறது. மணமான பெண்கள் நூறு பேரை எடுத்துக்கொண்டால் சுமார் 38 பேர் தாங்களே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவன் ஆபரேஷன் செய்துகொண்ட குடும்பமோ நூற்றுக்கு ஒன்று கூட இல்லை, 0.3 சதவீதம்தான். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் மணமான பெண்களில் பாதிக்கு மேல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்.

ராமநகரத்து மணிமாலை

எடுத்துச் சொல்லாமல் கொடுக்கும் முறை எப்படிப் பலிக்காமல் போகும் என்பதற்குப் பெங்களூருக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது.

1951-ல் மத்திய சுகாதார மந்திரியாக இருந்தவர் ராஜகுமாரி அம்ரித் கவுர். அவருடைய அழைப்பின் பேரில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சார்பில் டாக்டர் ஆபிரகாம் ஸ்டோன் என்ற அமெரிக்க டாக்டர் இந்தியா வந்தார். மருந்தோ சாதனமோ இல்லாமல், கருத்தரிக்கக் கூடிய நாட்களில் மட்டும் கணவனும் மனைவியும் விலகியிருக்கும் முறையைப் பரீட்சை செய்து பார்ப்பது என்று முடிவாயிற்று. அதற்கு இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்று டில்லியில் உள்ள லோதி காலனி. மற்றொன்று மைசூர் ரோட்டில் உள்ள ராமநகரம்.

படிப்பறிவில்லாத பெண்கள் தேதியை எப்படிக் கணக்கிடுவார்கள்? அதற்காக மணிமாலை ஒன்றைக் கொடுத்தார்கள். அபாயமான நாட்களுக்கு ஒரு நிறத்தில் மணி. மற்ற நாட்களுக்கு வேறு நிறத்தில் மணி. தினம் ஒரு மணியாகத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் ஒண்டிக் குடித்தன வீட்டில் மணியைத் தள்ள மறந்துபோனவர்கள் உண்டு. குழந்தைகள் மணியை உருட்டி விளையாடியதாகவும், மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டாலே போதும் என்று சிலர் எண்ணியதாகவும் கதைகள் சொல்லப்படுவதுண்டு. கடைசி வரை அந்த முறையைக் கடைப்பிடித்தவர்கள் சிலரே. பரீட்சை வெற்றி பெறவில்லை.

தவறு மாலையில் இல்லை. சுமார் ஐம்பது ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தார் அதே யோசனையைச் சீர்திருத்தி மறுபடியும் மாலை செய்தார்கள். மாதவிலக்கு 26 நாட்களுக்குக் குறையாமலும் 32 நாட்களுக்கு மேற்படாமலும் ஒழுங்காக வருகிற பெண்களுக்கு மட்டுமே அது பொருந்தும். விலக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணி, எட்டாம் நாள் முதல் பத்தொன்பதாம் நாள் வரை கணவன் மனைவி சேரக் கூடாது. கணவன் ஒத்துழைத்தால் பலன் உண்டு. அவன் ஒத்துழைக்காவிட்டால் தங்க மணி கோத்துக் கொடுத்தாலும் பலனில்லை.

ஆண்கள் ஒதுங்கியது எப்படி?

ஒரு காலத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் ஆண்களுக்குத்தான் நடந்தது. 1971 ஜூலையில் கேரளத்தில் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் ஆபரேஷன் செய்துகொண்டார்கள்.

இதற்கு முன்பே 1965-ல் பெண்களுக்கு ‘லூப்’ என்ற வளையம் வந்தது. ஊர் ஊராகச் சென்று போட்டார்கள். ரத்தப் போக்கு ஏற்படக் கூடும் என்று முன்கூட்டி எடுத்துச் சொல்லவில்லை. போட்ட பிறகு வந்து விசாரிக்கவும் ஆளில்லை. வதந்தி பரவியது. லூப்புக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டது. 1968-ல் ‘நிரோத்’ வந்தது. மூன்று உறைகள் 15 காசு. டீத்தூளும் சோப்பும் டார்ச் பாட்டரியும் விற்கும் கம்பெனிகளின் மூலம் அது பெட்டிக்கடை வரை போய்ச் சேர்ந்தது. சிவப்பு முக்கோணமும் ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்ற வாசகமும் சுவருக்குச் சுவர் தெரிந்தன.

பிறகு நெருக்கடி நிலை வந்தது. 1976-77-ம் ஆண்டில் மட்டும் நாடெங்கும் சுமார் 82 லட்சம் ஆபரேஷன்கள் நடந்தன. இவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆண்களுக்கு நடந்தவை. பல மாநிலங்களில் ஆசிரியர்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் “இத்தனை பேரைக் கொண்டு வா” என்று கணக்கு வைத்தார்கள். கொண்டு வராவிட்டால் சம்பளம் நிறுத்தப்பட்டது. வட மாநிலங்களில் பலவந்தமாகப் பிடித்துச் சென்றதும் நடந்தது. 1977 தேர்தலில் மக்கள் இதற்குப் பதில் சொன்னார்கள். ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்ற பெயரே ‘குடும்ப நலம்’ என்று மாறியது.

அதோடு ஆண்கள் ஒதுங்கினார்கள். பலவந்தம் செய்தது அரசாங்கம். அதன் பாரத்தைச் சுமப்பவர்களோ பெண்கள். இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பயம் போகவில்லை. ஆனால் பயத்துக்கு இன்று காரணம் இல்லை. இன்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை.

யாருக்கு எது?

எல்லாருக்கும் பொருந்தும் செருப்பு என்று ஒன்று கிடையாது. கருத்தடையும் அப்படித்தான். முதலில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேட வேண்டும். இனிக் குழந்தை வேண்டுமா, வேண்டாமா? வேண்டுமென்றால் எத்தனை நாள் கழித்து?

புதிதாக மணமானவர்கள்: முதல் குழந்தையை ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ தள்ளிப்போட நினைப்பவர்களுக்கு நிரோத் அல்லது மாத்திரை. அரசு ஆஸ்பத்திரியில் ‘மாலா-என்’ மாத்திரை இலவசம். ஓர் அட்டையில் 28 மாத்திரை. அதில் 21 கருத்தடை மாத்திரை. மீதி 7 இரும்புச் சத்து மாத்திரை. தினமும் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும். நிறுத்தினால் மீண்டும் கருத்தரிக்கத் தடையில்லை. “மாத்திரை சாப்பிட்டால் பிறகு குழந்தையே பிறக்காது” என்பது வீண் பயம். ஆனால் ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், கால் நரம்பில் ரத்தம் உறைந்தவர்கள், கடுமையான ஒற்றைத் தலைவலிக்காரர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு முதல் ஆறு மாதம் இது ஆகாது.

ஊரில் மனைவி, இங்கே கணவன்: ஓட்டல் வேலை, கட்டிட வேலை என்று இங்கே தனியாக இருந்துகொண்டு, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போய் வருகிறவர்கள் ஏராளம். அந்த நான்கு நாளுக்காக மனைவி வருஷம் முழுவதும் தினசரி மாத்திரை சாப்பிட வேண்டியதில்லை. நிரோத் போதும். பால்வினை நோயையும் எய்ட்ஸையும் தடுப்பது உறை ஒன்றுதான். வேறு எந்தக் கருத்தடை முறைக்கும் அந்தச் சக்தி கிடையாது. பஸ் ஏறுமுன் வாங்கி வைத்துக்கொள்ள வெட்கப்படத் தேவையில்லை.

ஒரு குழந்தை இருப்பவர்கள்: அடுத்த குழந்தைக்கு மூன்று வருஷமாவது இடைவெளி இருப்பது தாய்க்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது. இவர்களுக்குக் காப்பர்-டி ஏற்றது. பிரசவமான 48 மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். அல்லது ஆறு வாரம் கழித்து வைத்துக்கொள்ளலாம். ஐந்து வருஷத்துக்கு ஒரு வகை, பத்து வருஷத்துக்கு ஒரு வகை. வேண்டாம் என்றபோது நர்ஸோ டாக்டரோ சில நிமிஷத்தில் எடுத்துவிடுவார்கள். முதல் சில மாதங்களில் விலக்கு சற்று அதிகமாகவும் வலியோடும் வரலாம். ஏற்கனவே அதிகமாகப் போகிறவர்களும் ரத்தச் சோகைக்காரர்களும் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அது கருப்பையை விட்டு நெஞ்சுக்கு ஏறிவிடும் என்பது கட்டுக்கதை.

பால் கொடுக்கும் தாய்மார்கள்: ‘சாயா’ என்ற வாராந்திர மாத்திரை இவர்களுக்கும் ஆகும். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்தது, ஹார்மோன் கலவாதது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. விலக்கு சற்றுத் தள்ளிப் போகலாம்; அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ‘அந்தரா’ ஊசியும் உண்டு. பிரசவமாகி ஆறு வாரம் கழிந்த பின் போடலாம். தினமும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு அது வசதி. ஆனால் ஊசியை நிறுத்திய பிறகு மறுபடி கருத்தரிக்கப் பல மாதம் ஆகலாம். சீக்கிரம் அடுத்த குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு அது சரிப்படாது.

“பால் கொடுக்கும் வரை கரு நிற்காது” என்று பாட்டிமார்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமலிருக்க வேண்டும். இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். விலக்கு திரும்பியிருக்கக் கூடாது. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் வேறு முறை தேவை.

தவறு நேர்ந்துவிட்டால்: உறை கிழிந்துவிட்டது, மாத்திரை மறந்துவிட்டது என்றால் அவசர மாத்திரை உண்டு. 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் சாப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது. இதை மாதா மாதம் சாப்பிடும் முறையாக வைத்துக்கொள்ளக் கூடாது. இதைச் சாப்பிட்டால் கரு கலையாது. ஏற்கனவே நின்ற கருவை இது ஒன்றும் செய்யாது. கரு நின்றுவிட்டது என்று தெரிந்தால் மருந்துக் கடையில் ஏதோ வாங்கி விழுங்குவதும், மருத்துவச்சியிடம் போவதும் உயிருக்கு ஆபத்து. 1971-ம் வருஷச் சட்டப்படி அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் போக வேண்டும்.

எந்த முறை எவ்வளவு நம்பிக்கையானது? அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம் தரும் கணக்கு இது. நூறு பேர் ஒரு வருஷம் சாதாரணமாக உபயோகித்தால், உறையில் சுமார் 13 பேருக்குக் கரு நிற்கலாம். தினசரி மாத்திரையில் 7 பேருக்கு. ஊசியில் 4 பேருக்கு. காப்பர்-டியிலும் ஆபரேஷனிலும் ஒருவருக்கும் குறைவு. உறையிலும் மாத்திரையிலும் வித்தியாசம் வருவதற்குக் காரணம் மறதியும் அசிரத்தையும்தான்.

குழந்தை போதும் என்றால்

இனிக் குழந்தையே வேண்டாம் என்று இருவரும் உறுதியாக முடிவு செய்தால்தான் ஆபரேஷன். மறுபடி சேர்த்துத் தைக்கலாமே என்று எண்ணக் கூடாது. தைத்தாலும் பலன் நிச்சயமில்லை. கடைசிக் குழந்தை கைக்குழந்தையாக இருக்கும்போது அவசரப்பட வேண்டியதில்லை. அரசு விதிகளின்படியும் ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தை ஒன்றாவது இருக்க வேண்டும். பெண்ணுக்கு வயது 22 நிறைந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் கணவன் யோசிக்க வேண்டும். பெண்ணுக்கு ஆபரேஷன் என்றால் வயிற்றைத் திறந்தாக வேண்டும். ஆணுக்கு இன்று கத்தியே இல்லாத முறை வந்துவிட்டது. 1974-ல் சீனாவில் டாக்டர் லி ஷுன்சியாங் கண்டுபிடித்தது. தோலில் ஒரு சின்னத் துளை, மரத்துப்போக ஊசி, சில நிமிஷ வேலை, தையல் கூடக் கிடையாது. அன்றைக்கே வீட்டுக்கு நடந்து போகலாம். இரண்டு நாள் ஓய்வுக்குப் பின் உட்கார்ந்து பார்க்கும் வேலை பார்க்கலாம். சைக்கிள் மிதிப்பதையும் மூட்டை தூக்குவதையும் ஒரு வாரம் நிறுத்தி வைத்தால் போதும்.

“பலம் போய்விடும்”, “ஆண்மை போய்விடும்” என்று டீக்கடையில் பேசுகிறார்கள். இதில் விதையை எடுப்பதில்லை. வித்து வரும் குழாயை மட்டுமே அடைக்கிறார்கள். மீசை உதிராது, குரல் மாறாது, இல்லற சுகத்தில் குறைவு வராது, மூட்டை தூக்கும் கை தூக்கிக்கொண்டேதான் இருக்கும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஆபரேஷன் ஆன மறுநாளிலிருந்தே பலன் இல்லை. மூன்று மாதம் வரை நிரோத் உபயோகிக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து விந்துவைப் பரிசோதித்து, “உயிரணு இல்லை” என்று சர்டிபிகேட் வாங்க வேண்டும். இதைச் செய்யாததால் மனைவிக்குக் கரு நின்று, அவள் மேல் சந்தேகப்பட்டுக் குடும்பம் கெட்டால் அது கொடுமை. அந்தப் பழியை மனைவி மேல் போடாதிருக்க அந்த ஒரு பரிசோதனையே போதும்.

கையெழுத்துப் போடுமுன்

2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூரில் ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார்கள். பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தனர். 2016 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, மூன்று ஆண்டுகளுக்குள் இத்தகைய முகாம்களை நிறுத்திவிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆபரேஷனின் விளைவுகளைப் புரிகிற பாஷையில் எடுத்துச் சொல்லாமல் சம்மதம் வாங்கக் கூடாது என்பதும் விதி.

பெங்களூரில் நம்மவர்களுக்கு உள்ள சிரமம் பாஷைதான். பாரம் கன்னடத்தில் இருக்கும். ‘சந்தானஹரண சஸ்திர சிகித்ஸே’ என்று எழுதியிருந்தால் அது நிரந்தர ஆபரேஷன். ‘கர்ப்ப நிரோதக’ என்றால் கருத்தடைச் சாதனம். ‘வங்கி’ என்று நர்ஸ் சொன்னால் அது பாங்கி அல்ல, காப்பர்-டி. புரியாவிட்டால் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், கேட்பது உரிமை. பிரசவமாகி டிஸ்சார்ஜ் ஆகும்போது சீட்டில் காப்பர்-டி வைத்ததாகவோ ஆபரேஷன் செய்ததாகவோ எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே வெளியே வர வேண்டும். அந்தச் சீட்டைக் கிழிக்காமல் ரேஷன் கார்டோடு வைத்திருக்க வேண்டும்.

அலைச்சலுக்கும் அவசியமில்லை. பேட்டைக்குப் பேட்டை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. வீடு தேடி வரும் ‘ஆஷா’ ஊழியரிடம் கேட்டால் நிரோத்தும் மாத்திரையும் கிடைக்கும். ஆபரேஷனுக்கு மார்க்கெட் பக்கத்தில் உள்ள வாணி விலாஸ் போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளை அணுகலாம்.

“லீவு போட்டால் கூலி போய்விடுமே” என்பது தொழிலாளியின் கவலை. இ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளி ஆபரேஷன் செய்துகொண்டால் ஆணுக்கு 7 நாளும் பெண்ணுக்கு 14 நாளும் முழுச் சம்பளத்துக்கு ஈடான தொகை உண்டு. ராஜாஜி நகரிலும் இந்திரா நகரிலும் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. மத்திய அரசு ஊழியர்களுக்கு ஸ்பெஷல் கேஷுவல் லீவு உண்டு. மனைவிக்கு ஆபரேஷன் நடந்தாலும் கணவன் லீவு கேட்கலாம். பலருக்கு இது தெரியாததால் யாரும் கேட்பதில்லை.

ஜனத்தொகை பெருகுகிறது என்று பயமுறுத்திய காலம் போய்விட்டது. அதே கணக்கெடுப்பின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியாகத் தமிழ்நாட்டில் 1.8 குழந்தை, கர்நாடகத்தில் 1.7 குழந்தைதான். ஆகவே இப்போது கேள்வி நாட்டின் கணக்கைப் பற்றியது அல்ல. இருபத்து நான்கு வயதில் ஒரு பெண் யார் சொல்லி, எதைத் தெரிந்துகொண்டு தன் உடம்பில் கத்தி வைக்கச் சம்மதிக்கிறாள் என்பதுதான்.

மனைவி பிரசவத்துக்கு ஊருக்குப் புறப்படுமுன், பஸ் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால், கணவன் ஒரு சாயங்காலம் அவளோடு உட்கார்ந்து இதைப் பேசிவிட வேண்டும். முடிந்தால் இருவரும் சேர்ந்தே சுகாதார நிலையத்துக்குப் போய் டாக்டரைக் கேட்க வேண்டும். பிறகு பிரசவ வார்டில் யார் என்ன கேட்டாலும் அவளிடம் பதில் தயாராக இருக்கும்.